கைப்பொருளிட்டு நாவல் கண்டோர்

புதிய நூலொன்று கையில் கிடைத்தவுடன் நம்மவரிற் பலர் முதலில் நோக்குவது அதன் வெளியீட்டாளர் யார் என்பதையே. பெயர்பெற்ற பதிப்பகம் என்றால் நூலைத் திறந்து பார்க்கிறோம். ஆசிரியரே வெளியிட்டது என்று தெரிந்தால், வேறு எவரும் அச்சிட முன்வரவில்லை போலும் என்று எண்ணி மூடி வைக்கிறோம். கவிஞன் ஒருவன் கைச்செலவில் சிறு தொகுதி கொண்டு வருவதை உலகம் ஓரளவு பொறுத்துக் கொள்கிறது. நாவலாசிரியனுக்கு அச்சலுகையும் இல்லை. முந்நூறு, நானூறு பக்கம் எழுதி, அதற்குத் தாளும் மையும் தானே வாங்கிக் கொடுத்து, கட்டுக்கட்டாக வீட்டில் அடுக்கி வைத்திருப்பவனை உறவினரும் நண்பரும் இரக்கத்தோடு பார்க்கின்றனர்.

இவ்விரக்கம் பொருத்தமானதுதானா என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் வாழும் இவ்வங்க நாட்டிலும் நாம் பிறந்த தமிழ் நாட்டிலும் நாவல் என்னும் இலக்கிய வகை வேரூன்றிய காலத்தை நோக்கின், ஆசிரியரே அச்சகம் வைத்தும், இதழ் நடத்தியும், வாசகரைத் தேடிச் சென்றும் நூல் பரப்பிய செய்திகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவர்களுள் வென்றோரும் உளர். இடையில் ஓய்ந்தோரும் உளர். வென்றோர் எதனால் வென்றனர், ஓய்ந்தோர் எவ்விடத்தில் ஓய்ந்தனர் என்று காண்பது இன்றைக்கும் பயன் தரும்.

வங்கம் காட்டிய வழி

கொல்கத்தாவில் வாழும் நாம் முதலில் இந்நகரத்திலிருந்தே தொடங்குவோம். ஈசுவர சந்திர வித்தியாசாகரை விதவை மறுமணத்துக்காகப் போராடிய பெரியாராக அனைவரும் அறிவர். அவர் ஓர் அச்சக உரிமையாளர் என்பதைப் பலர் அறியார். 1847 ஆம் ஆண்டில் தம் நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காரருடன் கூடி அவர் 'சம்ஸ்கிருத அச்சகம்' ஒன்றை நிறுவினார். அதற்கு வேண்டிய 600 ரூபாயை அவர் கடனாகவே பெற்றார். அச்சகத்தில் பாரத்சந்திரரின் 'அன்னதா மங்கல்' காவியத்தை அச்சிட்டபோது, ஃபோர்ட் வில்லியம் கல்லூரி 100 படிகளை 600 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. கடன் அத்தோடு தீர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அச்சகம் நிலைபெற்றதற்குக் காரணம் வித்தியாசாகரின் புலமை மட்டும் அன்று. நூறு படிகளை ஒருங்கே எடுத்துக்கொள்ள ஒருவர் இருந்தமையும் ஆகும். அதன்பின் அவர் புத்தக விற்பனை நிலையம் ஒன்றையும் அமைத்து, தம் நூல்களோடு பிறர் நூல்களையும் விற்றுக் கொடுத்தார். எழுதுதல், அச்சிடுதல், விற்றல் என்னும் மூன்றையும் ஒருவரே தம் பொறுப்பில் வைத்துக்கொண்ட முறை அது. 1855 இல் வெளிவந்த அவருடைய 'வர்ண பரிசயம்' என்னும் பாலபாடம் வங்காளத்தின் இல்லந்தோறும் புகுந்ததற்கு இவ்வமைப்பும் துணை நின்றது.

வங்க நாவலின் முன்னோடி எனக் கருதப்படும் 'ஆலாலேர் கரேர் துலால்' தோன்றிய வரலாறும் இதை ஒத்தது. இதன் ஆசிரியர் பியாரி சந்த் மித்ரா கல்கத்தா பொது நூலகத்தில் பணிபுரிந்தவர். கணித வல்லுநர் ராதாநாத் சிக்தாருடன் சேர்ந்து 1854 இல் 'மாசிக் பத்திரிகா' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். பெண்களும் எளிய படிப்புடையோரும் படிக்கத்தக்க பேச்சு நடையில் அவ்விதழ் வெளிவந்தது. அதிலேயே, டேக் சந்த் தாக்கூர் என்னும் புனைபெயரில், தம் கதையைத் தொடராக எழுதினார். 1858 இல் அது நூலாயிற்று. பண்டிதர் நடையே இலக்கிய நடை என்றிருந்த நாளில் அத்தகைய நடையைப் பிறர் நடத்தும் இதழ் ஏற்றிருக்குமா என்பது ஐயமே. தமக்கென ஓர் இதழ் இருந்தமையால் அவர் விரும்பிய நடையில் எழுத இயன்றது.

அதே 1858 ஆம் ஆண்டில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருள் ஒருவராகத் தேறியவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியில் அமர்ந்து, 1891 இல் ஓய்வு பெறும்வரை அரசு ஊழியராகவே இருந்தார். இப்பணிச் சுமைக்கிடையே 1872 இல் 'வங்க தரிசனம்' இதழைத் தொடங்கி, 'விஷ விருட்சம்' என்னும் நாவலை அதில் தொடராக வெளியிட்டார். பின்னர் நைஹாத்தியை அடுத்த காந்தாள்பாடாவில், தம் குடும்ப இல்லத்திலேயே அச்சகம் அமைந்தது. அண்ணன் சஞ்சீவ சந்திரர் பொறுப்பேற்றுக்கொண்டார். 'ஆனந்த மடம்' நாவலும் 1880க்கும் 1882க்கும் இடையில் இவ்விதழில் வந்ததே. நாட்டுக்கு 'வந்தே மாதரம்' தந்த நாவல் முதலில் ஒரு குடும்பத்தார் நடத்திய இதழில்தான் உலகைக் கண்டது என்பது எண்ணத்தக்கது.

தமிழ் நாவலின் தொடக்கம்

இனித் தமிழகம் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவர்களுக்கு நூல் அச்சிடுவதில் துணைநின்றவை இரண்டு. ஒன்று, ஜமீன்தார்களும் மடாதிபதிகளும் அளித்த கொடை. மற்றொன்று 'கையொப்பம்' என்று அந்நாளில் வழங்கிய முறை. நூல் அச்சாகும் முன்பே, இத்தனை படி பெற்றுக்கொள்கிறேன் என்று அன்பர்கள் ஒப்பமிட்டுத் தருவர். அதனை நம்பி அச்சுவேலை தொடங்கும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையொப்பம் திரட்ட முயன்றமையை அவர் வரலாறு படித்தோர் அறிவர்.

பழந்தமிழ்க் காப்பியத்துக்குக் கொடையும் கையொப்பமும் கிடைத்தன. வசனத்தில் எழுதிய கற்பனைக் கதைக்கு அவை எளிதிற் கிடைப்பனவா? ஜமீன்தாரைப் பாடாத நூலுக்கு ஜமீன்தார் ஏன் பொருள் தர வேண்டும்? இந்நிலையில்தான் 1879 இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் அந்நூலின் ஆசிரியர் மாவட்ட முன்சீப்பாக இருந்து 1872 இல் ஓய்வு பெற்றவர். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே எழுத முற்பட்டதாக அவர் கூறுகிறார். நாவல் வெளியிடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் தமிழில் வளர்ந்திராத காலம் அது. வாசகர் இருக்கின்றனரா என்பதே தெரியாத நிலையில் வாசகரை நம்பி எழுதினார். 1887 இல் 'சுகுண சுந்தரி' என்னும் இரண்டாம் நாவலையும் தந்து, 1889 இல் மறைந்தார்.

அடுத்து வந்த அ. மாதவையாவும் அரசு ஊழியரே. உப்பு, சுங்க இலாகாவில் ஊர் ஊராகச் சுற்றும் பணி. 1898 இல் 'பத்மாவதி சரித்திரம்' முதற்பாகமும், அடுத்த ஆண்டில் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. பால்ய விவாகக் கொடுமையைச் சாடிய 'முத்து மீனாக்ஷி' 1903 இல் வந்தது. எழுத்தையே முழுநேரப் பணியாகக் கொள்ள வேண்டும் என்னும் ஆசை அவரை விடவில்லை. 1922 இல் விருப்ப ஓய்வு பெற்று, சென்னை மயிலாப்பூரில் சொந்த அச்சகமும் பதிப்பகமும் அமைத்தார். 1924 இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் மாத இதழைத் தொடங்கினார்.

கால் நூற்றாண்டுக்கு முன் நிறுத்தியிருந்த பத்மாவதியின் கதைக்கு மூன்றாம் பாகம் எழுதத் தொடங்கியதும் அவ்விதழில்தான். எவருடைய அனுமதியும் இன்றி, எண்ணியதை எண்ணியவாறு வெளியிடும் நிலையை வாழ்நாள் முழுவதும் காத்திருந்து அடைந்தவர், அதனை மூன்றாண்டு மட்டுமே துய்த்தார். 1925 அக்டோபர் 22 ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பேசி முடித்த சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். மூன்றாம் பாகம் முற்றுப் பெறாமலே நின்றது. ஒருவரே எழுதி, ஒருவரே அச்சிட்டு, ஒருவரே விற்கும் அமைப்பின் பெருங்குறை இதுவே: அவ்வொருவர் சாய்ந்தால் அனைத்தும் சாய்ந்துவிடும்.

நாற்பது நூல்களின் கனவு

இவ்விடத்தில் பாரதியாரையும் நினைத்தல் வேண்டும். கவியரசராகவே நாம் அவரைக் கொண்டாடினாலும் 'சந்திரிகையின் கதை' என்னும் நாவலை எழுதத் தொடங்கியவர் அவர். அதுவும் முற்றுப் பெறவில்லை. 1920 இல் தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிட்டு, ஏழை எளியோரும் வாங்கத்தக்க விலையில் விற்கப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தார். அன்றாடம் வேண்டிய தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல நூல்கள் விற்கும் என்பது அவர் நம்பிக்கை. நன்கொடை கேளாமல், வட்டியோடு திருப்பித் தருவதாக உறுதி கூறிக் கடனே கேட்டார். பொருள் வந்து சேரவில்லை. 1921 இல் அவர் மறைந்தார். 1912 இல் முற்பகுதி மட்டும் வெளிவந்திருந்த 'பாஞ்சாலி சபத'த்தின் பிற்பகுதி அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது.

நாற்பது நூல்களையும் பாரதியார் முன்னமே எழுதி வைத்திருந்தார். அவற்றுக்குத் தகுதி இல்லை என்று இன்று சொல்வார் எவருமிலர். வித்தியாசாகருக்கு வாய்த்த நூறு படி வாங்குவோர் இவருக்கு வாய்க்கவில்லை, வேறுபாடு அவ்வளவே.

இதழ் வழியே வென்ற அம்மையார்

அதே பத்தாண்டுக் காலத்தில் திருவல்லிக்கேணியில் ஓர் அம்மையார் இச்சிக்கலைத் திறமையாக அவிழ்த்தார். 1901 இல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் ஆறு வயது நிரம்பு முன்னரே மணம் செய்விக்கப்பட்டவர். பள்ளி செல்லும் வாய்ப்புப் பெறாதவர். தம் முதற் படைப்பாகிய 'இந்திர மோகனா' நாடகத்தைத் தாம் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். நாவல் எழுதத் தொடங்கியபின், துப்பறியும் கதைகளால் புகழ்பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் யோசனைப்படி, நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' இதழை 1925 இல் வாங்கி நடத்தலானார்.

வடுவூராரும் 'மனோரஞ்சினி' என்னும் சொந்த இதழ் வழியே தம் நாவல்களைப் பரப்பியவரே. ஆகவே அவர் கூறிய யோசனை பட்டறிவிலிருந்து பிறந்தது. தனி நூலை விற்க ஒவ்வொரு முறையும் புதிய வாசகரைத் தேட வேண்டும். இதழுக்கோ ஆண்டுச் சந்தா உண்டு. பணம் முன்னமே வந்துவிடும். அடுத்த மாதம் கதை என்னவாகும் என்னும் ஆவல் வாசகரைப் பிணைத்து வைக்கும். தொடர் முடிந்தபின் அச்சாகும் நூலுக்கும் அவர்களே வாங்குவோர் ஆவர். கோதைநாயகி அம்மாள் இவ்வழியில் 115 நாவல்கள் எழுதினார். பிறகு சொந்த அச்சகமும் வைத்தார். விடுதலைப் போரில் சிறை சென்ற காலத்தையும், உலகப் போர் நாளில் நேர்ந்த தாள் பஞ்சத்தையும் தாண்டி, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இதழை நடத்தினார். 1960 இல் மறைந்தார். எழுதப் படிக்கக் கற்குமுன்பே கதை சொல்லத் தொடங்கிய ஒரு பெண்மணி தமிழகத்தின் வெற்றிமிக்க பதிப்பாளராகவும் விளங்கினார் என்பது நம் மகளிர் பெருமிதம் கொள்ள வேண்டிய வரலாறு.

தோளில் சுமந்த செல்லப்பா

முப்பதுகளுக்குப் பின் நிலைமை மாறியது. பெரிய வார இதழ்கள் ஆயிரக்கணக்கில் விற்கத் தொடங்கின. 1939 இல் வை. கோவிந்தன் நிறுவிய சக்தி காரியாலயம் போன்ற பதிப்பகங்களும் தோன்றின. இதழ்களில் தொடராக வந்து மக்கள் விரும்பிய நாவல் எளிதில் நூலாயிற்று. நாவலாசிரியன் தானே அச்சிட வேண்டிய தேவை குறைந்தது போலத் தோன்றியது. ஆனால் வாரந்தோறும் ஒரு திருப்பமும் திடுக்கிடலும் வைத்து எழுத இயலாதவர் என் செய்வார்? அவருக்கு இதழும் இல்லை. இதழில் வராமையால் பதிப்பகமும் இல்லை. சொந்தச் செலவில் வெளியிடுவது தாழ்வு என்னும் எண்ணம் வலுப்பெற்றதும் இக்காலத்தில்தான்.

இச்சூழலை எதிர்த்து நின்றவர் சி.சு. செல்லப்பா. 1912 இல் பிறந்து வத்தலகுண்டு மண்ணில் வளர்ந்தவர். 1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கினார். கடைகளில் தொங்கவிட்டு விற்காமல், விரும்பிக் கேட்போருக்குச் சந்தா முறையில் அனுப்புவதே அவர் கொள்கை. அதனோடு 'எழுத்து பிரசுரம்' என்னும் பதிப்பகத்தையும் நடத்தினார். ஜல்லிக்கட்டைக் களமாகக் கொண்ட 'வாடிவாசல்' அதன் வழியே நூலாயிற்று. 'ஜீவனாம்சம்' நாவல் 'எழுத்'தில் தொடராக வந்து பிறகு நூல் வடிவம் பெற்றது. தம் நூல்களோடு பிறருடைய கவிதையையும் திறனாய்வையும் வெளியிட்டார். இதழ் 1970 வரை நடந்து நின்றது.

செல்லப்பாவின் பெயரைச் சொன்னவுடன் தமிழ் எழுத்துலகில் எல்லோர் மனத்திலும் எழும் காட்சி ஒன்றுண்டு: புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து, கல்லூரி கல்லூரியாகவும் ஊர் ஊராகவும் சென்று, ஆசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் கண்டு நூல் விற்ற காட்சி. பலர் இதனைச் சோகக் கதையாகவே சொல்வர். அவர் பட்ட துன்பத்தைக் குறைத்துச் சொல்ல நாம் முற்படவில்லை. ஆயினும் இதனுள் ஒரு தெளிவும் உண்டு. தம் வாசகர் சிலரே. அவர்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றனர். கடைக்காரர் அவர்களைத் தேடிப் போகமாட்டார். ஆகவே நூலை எழுதியவரே போக வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து அதன்படி நடந்தவர் அவர்.

முதுமையிலும் அவர் வழி மாறவில்லை. விடுதலைப் போரைப் பொருளாகக் கொண்ட 'சுதந்திர தாகம்' என்னும் மூன்று பாகப் பெருநாவலை, எண்பத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில், 1997 இல் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் மறைந்தார். அந்நாவலுக்கு 2001 ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பெற்றது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. 'வாடிவாசல்' இன்றும் பதிப்பு மேல் பதிப்பாக வருகிறது. 2013 இல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. சொந்தச் செலவில் வந்த நூல் தரம் குன்றியதாகவே இருக்கும் என்று எண்ணுவோர்க்கு இவ்விரண்டு நூல்களே விடையாகும்.

பெட்டிக்குள் உறங்கிய நாவல்கள்

அச்சிட்டு விற்க முயன்றோர் பட்ட பாட்டைக் கண்டோம். அச்சிடாமலே விட்டவர் நிலை யாது? இதற்கும் நம் நகரமே சான்று தருகிறது. வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954 அக்டோபர் 14 ஆம் நாள் தென் கொல்கத்தாவில் டிராம் வண்டியில் அடிபட்டு, எட்டு நாள் கழித்து மறைந்தார். வாழ்ந்த காலத்தில் அவரைக் கவிஞராக மட்டுமே உலகம் அறிந்திருந்தது. மறைவுக்குப் பின் அவருடைய பெட்டிகளைத் திறந்தபோது பத்துக்கும் மேற்பட்ட நாவல்களும் நூற்றுக்கு மேற்பட்ட சிறுகதைகளும் கையெழுத்துப் படிகளாகக் கிடைத்தன. 1948 இல் எழுதிய 'மால்யவான்' நாவல் 1973 இல்தான் வெளிவந்தது.

நாம் நாள்தோறும் நடந்து செல்லும் ராஷ்பிகாரி சாலை வட்டாரத்தில் வாழ்ந்த ஒருவர், இத்தனை நாவல்களை எழுதிவிட்டு எவர்க்கும் காட்டாமல் வைத்திருந்தார். அவை பிழைத்தது குடும்பத்தார் காத்தமையால். காக்கும் குடும்பம் வாய்க்காமல் பழைய தாள்காரரிடம் போய்ச் சேர்ந்த கையெழுத்துப் படிகள் எத்தனை எத்தனையோ! செல்லப்பாவின் கட்டுகள் விற்றாலும் விற்காவிட்டாலும் நாலு பேர் கையிலாவது இருந்தன. அச்சான நூலுக்கும் அச்சாகாத நூலுக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

இன்றைய இடர்கள்

இக்காலத்தில் அச்சிடுதல் முன்போல் அரிய செயல் அன்று. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் சில நூறு படிகளேனும் ஒருங்கே அச்சிட்டால்தான் கட்டுப்படியாகும். கணினி வந்தபின் ஐம்பது படியும் அச்சிடலாம். கேட்பவருக்கு ஒரு படி மட்டும் அச்சிட்டுத் தரும் முறையும் வந்துவிட்டது. மின்னூலாக்கினால் தாளே வேண்டா. எனினும் இடர்கள் உருமாறியிருக்கின்றனவேயன்றி ஒழியவில்லை.

முதலாவது, வரவு செலவு. ஒரு நாவலின் விலை 300 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். கடைக்காரரின் கழிவு மூன்றில் ஒரு பங்கு என்றால் 100 ரூபாய் குறையும். அச்சுக்கூலி 150 ரூபாய் ஆனால் எஞ்சுவது 50. தமிழகத்திலிருந்து கொல்கத்தாவுக்கோ, இங்கிருந்து அங்கோ அஞ்சலில் அனுப்பினால் அதுவும் கரைந்துவிடும். விற்ற படிகளுக்குரிய பணமும் உடனே வராது. இக்கணக்கை அறியாமல் இறங்குவோர் முதல் நூலோடு ஓய்ந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, மெய்ப்புத் திருத்தமும் செம்மையாக்கமும். பதிப்பகத்தில் இப்பணிகளுக்கு ஆட்கள் உண்டு. தானே வெளியிடுபவன் தன் பிழையைத் தானே காண வேண்டும். தன் எழுத்தில் தன் கண்ணுக்குப் பிழை தெரிவதில்லை. தமிழ்ச் சூழலை விட்டு விலகி வாழ்பவர்க்கு இது இருமடங்கு இடர். ஒற்றுப்பிழை பார்த்துத் தரும் ஒரு நண்பர் இந்நகரில் கிடைப்பது பெரும்பேறு.

மூன்றாவது, அலுவலகத்தாருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல். பங்கிம் சந்திரர் அரசுப் பணியில் இருந்துகொண்டே இதழ் நடத்தினார். இன்று மத்திய அரசு ஊழியருக்கு 1964 ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. அவ்வப்போது இலக்கியப் பணி செய்வதை அவை தடுப்பதில்லை. ஆனால் இதழுக்கு உரிமையாளராகவோ, அதனை நடத்துபவராகவோ இருக்க முன் அனுமதி வேண்டும்; வணிகம் செய்வதற்கும் தடை உண்டு. ஆகவே கோதைநாயகி அம்மாள் கண்ட இதழ் வழி நம்மிற் பலர்க்கு அடைபட்டதே. நூல் வெளியிட விரும்பும் ஊழியர் விதிகளை முதலிற் படித்து, வேண்டிய அனுமதியைப் பெற்று, கருத்துகள் தம்முடையனவே என்பதை நூலில் தெளிவாகக் குறித்தல் நன்று.

நான்காவது, கடமை ஒன்று. அதுவே ஒரு பேறும் ஆகும். 1954 ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியை வெளியீட்டாளர் முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அவ்வாறே. சட்டத்தின் கண்ணில் பெரும் பதிப்பகமும், ஒரே ஒரு நாவலைத் தானே அச்சிட்டவரும் ஒன்றே. 1947 முதல் அந்நூலகத்தின் தலைமையேற்று, பெல்வெடேர் மாளிகையில் அதனை வளர்த்து, இந்திய தேசிய நூற்பட்டியலுக்கு வித்திட்ட பி.எஸ். கேசவன் மயிலாப்பூரில் பிறந்தவர். எங்கோ ஒரு சிற்றூரில் கைப்பொருளிட்டு அச்சிட்ட தமிழ் நாவலுக்கும் அலிப்பூரில் ஓர் இடம் உண்டு. நாம் பேருந்து ஏறிச் சென்று அதனைக் கேட்டுப் படிக்கலாம். எத்தனை பேர் செல்கிறோம் என்பதே கேள்வி.

நம் பங்கு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வேதநாயகம் பிள்ளை முதல் செல்லப்பா வரை எவர்க்கும் எழுதுவது தடையாக இருந்ததில்லை; அச்சிடுவதற்கும் கடனோ நகையோ கொண்டு ஒருவாறு வழி கண்டனர். தடை நேர்ந்தது அச்சகத்துக்கும் வாசகர்க்கும் இடையில்தான். நூறு படி வாங்குவோர் முன்வந்த இடத்தில் அச்சகம் நிலைத்தது. சந்தாதாரர் நிலைத்த இடத்தில் நூற்றுக்கு மேல் நாவல்கள் பிறந்தன. கடன் தர எவரும் முன்வராத இடத்தில் நாற்பது நூல்களின் கனவு கலைந்தது. ஆகவே இவ்வரலாறு எழுத்தாளரைப் பற்றியது மட்டும் அன்று. வாங்கியோரையும் வாங்காதோரையும் பற்றியதும் ஆகும்.

வங்க மக்கள் இதனை நன்குணர்ந்தவர்கள். 1976 இல் தொடங்கிய கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் சிற்றிதழ்களுக்கெனத் தனி அரங்கு உண்டு. சிறு மேசை ஒன்றின் பின்னால் ஆசிரியரே அமர்ந்து தம் நூலை விற்பதை அங்கே காணலாம். அவரை எவரும் இகழ்ந்து பார்ப்பதில்லை. கல்லூரித் தெருவை அடுத்த டேமர் சந்தில் சந்தீப் தத்தா என்பவர் 1978 இல் தம் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகம் ஒன்றைத் தொடங்கி, 2023 இல் மறையும்வரை அதனைப் பேணினார். தம் மொழியின் சிறு வெளியீடுகளும் அழியலாகாது என்னும் ஒரு தனி மனிதரின் உறுதி அது.

நம் தமிழ்க் குடும்பங்கள் பெரும் பொருள் தர வேண்டா. ஆண்டுக்கு ஒரு முறையேனும், ஆசிரியரே வெளியிட்ட ஒரு தமிழ் நாவலை விலை கொடுத்து வாங்குவோம். இலவசப் படி கேளாதிருப்போம். விழாக்களில் பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதிக்கு அவ்வாசிரியரின் நூல்களை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பரிசளிப்போம். ஊருக்குச் செல்லும்போது மாவடுவும் அப்பளமும் கட்டி வரும் பெட்டியில் இரண்டு நாவல்களுக்கும் இடம் வைப்போம். பழைய கையொப்ப முறையை நம் சங்கங்களே மீண்டும் தொடங்கலாம்: நூறு குடும்பங்கள் தலைக்கு ஒரு படி என்று ஒப்பமிட்டால், ஒரு நாவலாசிரியர் அச்சகத்துக்குத் துணிந்து செல்வார். வித்தியாசாகரின் கடனைத் தீர்த்தவை நூறு படிகளே. இந்நகரத்துத் தமிழரால் அந்நூறு முடியாத தொகை அன்று.